வண்டி எண்ணைப் படத்தில் காட்டலாமா?

தம்மம்பட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே சுவேத நதிக் கரையில் அமைந்த ஊர். ஜல்லிக்கட்டுக்குப் பேர்போனது. அதைவிட மரச்சிற்பத்துக்குப் பேர்போனது. கோயில் திருவிழாக்களில் சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனம், சிம்ம வாகனம் முதலியவற்றை இவ்வூர்ச் சிற்பிகள் வாகை மரத்திலும் மாவிலங்கை மரத்திலும் செதுக்கித் தருகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அந்த வாகனங்களுக்கு எண் பலகை கிடையாது. ஆகையால் அவற்றைப் படம் பிடித்து உலகம் முழுவதற்கும் காட்டலாம். தொல்லை எதுவும் வராது.

தொல்லை வந்தது இன்னொரு வாகனத்தால்.

என் தாய்மாமன் ஒருவர் அங்கே சிற்பக்கூடம் வைத்திருக்கிறார். தம்முடைய பழைய ஸ்கூட்டரை விற்க எண்ணி, அதைச் சிற்பக்கூட வாசலில் நிறுத்தி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக ஆறு படங்கள் எடுத்து, பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் போட்டார். வண்டியின் வகை, நிறம், வாங்கிய ஆண்டு எல்லாம் கீழே எழுதினார். படத்தில் ‘டி.என். 77’ என்று தொடங்கும் ஆத்தூர்ப் பதிவெண் பளிச்சென்று தெரிந்தது. விலை படியவில்லை, விற்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவர் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவர் வாழ்நாளில் காலே வைக்காத ஒரு கடற்கரை நகரத்தில், தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டியதற்கு அபராதம்! அடுத்த வாரம் இன்னொன்று, மூன்று பேர் ஏறிச் சென்றதற்காக.

“என்ன மாப்ளே இது? அன்னைக்குப் பூராவும் நான் குதிரைக்குக் கண்ணு திறந்துக்கிட்டு இருந்தேன். வண்டி வாசல்லதான் நின்னுச்சு” என்று என்னிடம் தொலைபேசியில் புலம்பினார். நான் இயற்பியல் பாடம் நடத்துபவன். சட்டம் தெரிந்தவன் அல்லன். ஆனாலும் இந்தச் சிக்கலில் இயற்பியலும் கணக்கும் நிறையவே இருக்கின்றன. அவற்றைத்தான் உங்களுடன் பேசப் போகிறேன். மாமாவின் கதையைக் கடைசியில் முடிக்கிறேன்.

எண் ஒரு திரை

“தெருவில் போகிற எல்லாரும் பார்ப்பதற்காகவே எண் பலகை இருக்கிறது. அதைப் படத்தில் மறைத்து என்ன பயன்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டியின் எண் இரகசியம் அன்று. ஓடும் வண்டியில் அதை மறைப்பதுதான் குற்றம். அப்படியானால் படத்தில் மட்டும் என்ன வந்துவிட்டது?

விடைக்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் நகரக் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு மோட்டார் வண்டியும் ஓர் உலோகத் தகடு தாங்க வேண்டும். அதில் உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் மூன்றும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். தகட்டை ஒருபோதும் மறைக்கக் கூடாது. எண் பலகையின் வரலாறு இங்கே தொடங்குகிறது எனலாம். கவனித்தீர்களா? முதல் பலகையிலே பெயரும் முகவரியும் இருந்தன! பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி 1904 ஜனவரி முதல் எண்கள் கட்டாயமானபோது, பலகையில் எழுத்தும் எண்ணும் மட்டுமே இருந்தன. பெயரும் முகவரியும் அலுவலகப் பதிவேட்டுக்குள் போய்விட்டன. நம் நாட்டிலும் இதே முறைதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதுதான் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, வட்டாரத்துக்கு இரண்டு இலக்கம் என்ற இன்றைய முறை பிறந்தது. சேலம் மேற்குக்கு 30, நாமக்கல்லுக்கு 28, ஆத்தூருக்கு 77 என்று நம் வட்டாரத்துப் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள்.

ஆக, எண் என்பது பெயரைக் காட்டும் கருவி மட்டுமன்று. பெயரை மறைக்கும் திரையும் அதுவே. வேண்டியவர், வேண்டிய காரணத்துக்காக, அலுவலகத்தில் கேட்டால் மட்டும் திரை விலகும். இந்த ஏற்பாடு முழுவதும் பதிவேடு இருக்கும் அலமாரியின் பூட்டை நம்பி இருந்தது. கூடவே, அக்காலத்தில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. தெருவுக்கு மறதி அதிகம். இன்று காலை உங்களைக் கடந்து போன பத்து வண்டிகளில் ஒன்றின் எண்ணாவது இப்போது நினைவிருக்கிறதா? இல்லை அல்லவா? படத்துக்கு அந்த மறதி கிடையாது.

எத்தனை தொலைவிலிருந்து படிக்கலாம்?

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கார் முதலிய வண்டிகளின் எண் பலகையில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் பருமன் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. மோட்டார் சைக்கிளின் பின்பக்கப் பலகையில் இலக்கங்களின் உயரம் 40 மில்லிமீட்டர், கோட்டின் பருமன் 7 மில்லிமீட்டர்.

இப்போது ஒரு சாதாரணக் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அதன் படத்தில் அகலவாக்கில் 4000 படப்புள்ளிகள், உயரவாக்கில் 3000 இருக்கின்றன என்க. அதைத்தான் 12 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் கேமரா 10 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 13 மீட்டர் அகலமுள்ள காட்சியைப் படத்துக்குள் அடக்கும். 13 மீட்டரை 4000ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 3.3 மில்லிமீட்டர். கார் எழுத்தின் உயரத்துக்கு 20 புள்ளிகள் கிடைக்கும். மோட்டார் சைக்கிள் இலக்கத்துக்கு 12. ஓர் எழுத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளி உயரம் இருந்தால் நம் கண் தயங்காமல் படித்துவிடும். 30 மீட்டருக்கு அப்பால் கார் எழுத்துக்கே ஆறரைப் புள்ளிதான் மிஞ்சும். ‘8’ஐயும் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தையும் பிரித்தறிவது கடினம்.

விற்பனைக்காகப் படம் எடுப்பவர் 30 மீட்டருக்கு அப்பாலா போய் நிற்பார்? இரண்டரை மீட்டரில் நிற்பார். அப்போது ஒரு புள்ளிக்கு 0.8 மில்லிமீட்டர்தான், மோட்டார் சைக்கிள் இலக்கத்துக்கு 48 புள்ளிகள். படத்தை அனுப்பும்போது கைப்பேசி அதை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 12 புள்ளி மிஞ்சுகிறது. “அனுப்பிய படம் மங்கல்தானே” என்று ஆறுதல் அடைய இடமில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேமராவின் துளை வழியே வரும் ஒளி, அலை ஆதலால், விளிம்பு விளைவினால் சற்றே பரவும். துளையின் விட்டம் 2.4 மில்லிமீட்டர், ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் என்று கொண்டால், 1.22ஐ அலைநீளத்தால் பெருக்கித் துளையின் விட்டத்தால் வகுக்க, 0.00028 ரேடியன் வரும். 10 மீட்டர் தொலைவில் இது 2.8 மில்லிமீட்டர். நாம் மேலே கண்ட 3.3 மில்லிமீட்டருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள்! நம் கண்ணின் பிரிதிறனும் ஒரு கலை அளவு, அதாவது 0.00029 ரேடியன். பட்டப் பகலில் நம் கண்மணியின் துளையும் ஏறத்தாழ அதே விட்டந்தான். நீங்கள் நின்ற இடத்திலிருந்து எதைப் படிக்க முடிந்ததோ, அதையே உங்கள் கைப்பேசியும் படித்திருக்கும் என்று ஒரு தோராய விதியாகவே வைத்துக்கொள்ளலாம். பெரிய லென்சு பொருத்திய கேமராக்களுக்கு இவ்விதி பொருந்தாது.

இரவில் எப்படி?

இரவில் கார் விளக்கு பட்டதும் முன்னே நிற்கும் வண்டியின் எண் பலகை தானே விளக்கேற்றியது போல ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். வெள்ளைச் சுவர் அப்படி ஒளிர்வதில்லை. ஏன்? சுவர் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. கண்ணாடி, படுகோணத்துக்குச் சமமான எதிரொளிப்புக் கோணத்தில் வேறு பக்கம் அனுப்பிவிடுகிறது. எண் பலகையின் மேல் ஒட்டிய படலமோ, ஒளி எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசைக்கே திருப்பி அனுப்புகிறது.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மணலைவிட நுண்ணிய கண்ணாடி மணிகள். கண்ணாடிக் கோளத்தின் மையத்திலிருந்து அதன் குவியத் தொலைவைக் காண ஓர் எளிய வாய்பாடு உண்டு: ஒளிவிலகல் எண்ணை ஆரத்தால் பெருக்கி, ஒளிவிலகல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்ததன் இருமடங்கால் வகுக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் 1.5, குவியம் ஒன்றரை ஆரத்தில், கோளத்துக்கு வெளியே விழும். ஒளிவிலகல் எண் 2 ஆனால் குவியம் சரியாக ஓர் ஆரத்தில், கோளத்தின் பின்பரப்பிலேயே விழும்! அங்கே மெல்லிய உலோகப் பூச்சு இருந்தால் ஒளி வந்த வழியே திரும்பிவிடும். ஆகவே 2க்கு அருகில், 1.9 அளவில் ஒளிவிலகல் எண் உள்ள கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். மற்றொரு வழி, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் கூடும் மூலை. அறையின் மூலையில் வீசிய பந்து மூன்று சுவர்களிலும் பட்டு உங்களிடமே திரும்புவது போல. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்ததும், 2023இல் நமது சந்திரயான்-3 இன் விக்ரம் தரையிறங்கி சுமந்து சென்றதும் இதே வகைதான். நிலவின் தொலைவை அளக்க உதவும் அதே தத்துவம் ஆத்தூர் சாலையில் போகும் மொபெட்டின் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காவல்துறைக் கேமராக்கள் இதை நன்கு பயன்படுத்திக்கொள்கின்றன. கேமராவைச் சுற்றி அகச்சிவப்பு ஒளி விடும் சிறு விளக்குகள். நம் கண்ணுக்கு அவ்வொளி தெரியாது. பலகையின் வெண்பகுதி அதை நேரே கேமராவுக்குத் திருப்பி அனுப்ப, கரிய எழுத்துகள் மட்டும் இருளாக நிற்கும். சுற்றியுள்ள மரம், மனிதர், தெரு எல்லாம் மங்கிவிடும். பிறகு கணினி எழுத்து எழுத்தாக வெட்டி அடையாளம் காணும். இத்தகைய கருவியைப் பிரிட்டனின் காவல்துறை அறிவியல் பிரிவு 1976இல் உருவாக்கத் தொடங்கியது. அன்று ஓர் ஆய்வுக்கூடத்துக்கு உரியதாக இருந்த திறமை இன்று ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. அதாவது, இணையத்தில் உள்ள இலட்சம் படங்களை மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. கணினியே எண்களைப் படித்து, எந்தப் படம், எந்த நாள், எந்த இடம் என்று பட்டியல் போட்டுவிடும். இடம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? கைப்பேசியில் அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், படக் கோப்புக்குள்ளேயே எடுத்த நேரமும் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். அட்சரேகையில் ஒரு விகலை என்பது தரையில் சுமார் 31 மீட்டர். கைப்பேசி அதைவிட நுட்பமாகவே எழுதி வைக்கும்.

பட்டியலோடு பட்டியல் சேரும்போது

தனியாக நிற்கும் எண் ஒன்றும் செய்யாது. அது ஒரு சாவி. எந்தப் பூட்டில் நுழைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் நாட்டில் வண்டிப் பதிவுகளெல்லாம் ‘வாகன்’ என்னும் மையப் பதிவேட்டில் உள்ளன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்காகத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது. ஒரு காலத்தில் வண்டி எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் உரிமையாளர் பெயர் வந்துவிடும். பழைய வண்டி வாங்குபவர் ஏமாறாமல் இருக்க இது மிகவும் உதவியது என்பதை மறுக்க முடியாது. பின்னர், 2019 மார்ச்சில், இப்பதிவேட்டின் விவரங்களை மொத்தமாக விற்பதற்கு ஒரு கொள்கையே வகுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சர் தந்த தகவல்படி, 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் விவரம் தரப்பட்டு, சுமார் 65 கோடி ரூபாய் வருவாய் கிடைத்திருந்தது. 2020 பிப்ரவரியில் டெல்லியில் கலவரம் நடந்தபோது, வண்டி எண்ணைக் கொண்டு உரிமையாளர் எந்தச் சமயத்தவர் என்று தேடிப் பார்க்க இப்பதிவேடு பயன்படக்கூடும் என்ற அச்சம் எழுந்து, அமைச்சகத்துக்கு முறையீடுகள் சென்றன. 2020 ஜூனில் மொத்த விற்பனைக் கொள்கை கைவிடப்பட்டது. தனிமறைவு பாதிக்கப்படலாம், விவரம் தவறாகப் பயன்படலாம் என்பவையே காரணங்கள். இன்று அரசின் செயலியில் எண்ணைக் கொடுத்தால் பெயரின் எழுத்துகள் பல நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டே வருகின்றன. ஆனால் ஒருமுறை கைமாறிய பட்டியலைத் திருப்பி வாங்க முடியாது. மோரில் கரைத்த உப்பைப் போல.

அமெரிக்காவில் இந்தப் பாடம் ஓர் உயிரைக் கொடுத்துக் கற்கப்பட்டது. 1989இல் ரெபெக்கா ஷேஃபர் என்னும் இளம் நடிகையை, அவர்மேல் வெறி பிடித்திருந்த ஒருவன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். வீட்டு முகவரி அவனுக்குக் கிடைத்தது கலிபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறைப் பதிவேட்டிலிருந்து; துப்பறியும் நிறுவனம் ஒன்று எடுத்துக் கொடுத்தது. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம், வாகனத் துறை விவரங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது.

இனி நான் சொல்லப்போவது கணக்குப் பிரியர்களுக்கு. நியூயார்க் நகர டாக்சிகளின் 2013ஆம் ஆண்டுப் பயணங்கள், சுமார் 17 கோடியே 30 இலட்சம், 2014இல் வெளியாயின. எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், எத்தனை மணி, கட்டணம் எவ்வளவு, ஓட்டுநருக்கு அன்பளிப்பு எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. டாக்சி எண்ணை மட்டும் ஒரு கணிதச் சூத்திரத்தால் பொருளற்ற நீண்ட குறியாக மாற்றியிருந்தார்கள். அந்தச் சூத்திரத்தைத் திருப்பிப் போட முடியாது என்பதே அவர்கள் நம்பிக்கை. ஆனால் திருப்பிப் போட வேண்டிய அவசியமே இல்லை! டாக்சி எண்கள் எந்த வடிவத்தில் இருக்கும் என்பது ஊரறிந்தது. இருக்கக்கூடிய எண்கள் எல்லாவற்றையும் அதே சூத்திரத்தில் போட்டு, விடைகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்டால் போதும். விஜய் பாண்டுரங்கன் என்னும் பொறியாளர் சில மணி நேரத்துக்குள் இதைச் செய்து காட்டினார். பிறகு அந்தோணி டாக்கர் என்னும் இளைஞர் இன்னும் ஒருபடி போனார். நட்சத்திர நடிகர்கள் டாக்சியில் ஏறுவதைப் பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களில் டாக்சி எண் தெரிந்தது. படத்தின் நாளையும் நேரத்தையும் எண்ணையும் பட்டியலில் தேடினார். அந்த நடிகர் எங்கே போனார், எவ்வளவு அன்பளிப்பு கொடுத்தார் என்பது வரை வந்து விழுந்தது.

நம் ஆத்தூர் எண்ணுக்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ‘77’க்குப் பிறகு ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோ வரும், ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் ‘ஐ’, ‘ஓ’ இரண்டையும் விலக்கினால் மிஞ்சுவது 24 எழுத்துகள். இரண்டெழுத்துத் தொடர்கள் 576, ஓரெழுத்துத் தொடர்கள் 24, மொத்தம் 600. ஒவ்வொன்றிலும் 9999 எண்கள். பெருக்கினால் ஏறக்குறைய 60 இலட்சம். மலைப்பாக இருக்கிறதா? உங்கள் பள்ளிக் கணினிக்கு அது ஒரு சில நொடி வேலை.

பலகையே திருடு போனால்?

மாமாவுக்கு நேர்ந்தது வேறு வகை. அவருடைய விவரத்தை யாரும் தேடவில்லை, எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். போலி எண்ணில் ஓட்ட நினைப்பவன் கண்ட எண்ணையும் எழுத மாட்டான். பதிவேட்டில் பார்த்தால் வண்டியின் வகையும் நிறமும் ஒத்திருக்க வேண்டுமே! அவனுக்குத் தேவையான வகை, நிறம், ஆண்டு, எண் நான்கையும் ஒரே இடத்தில் தருவது விற்பனை விளம்பரம். மாமாவின் எண் அங்கிருந்துதான் போயிற்று என்று நிரூபிக்க என்னிடம் சான்றில்லை. தெருவில் பார்த்தும் எழுதியிருக்கலாம். ஆயினும் கடற்கரை நகரத்துக்காரன் தம்மம்பட்டித் தெருவுக்கு வந்து குறித்துக்கொண்டு போனான் என்பதைவிட இது நம்பத் தகுந்தது.

பெரிய மனிதர்களும் தப்புவதில்லை. 2021 ஜனவரியில் மும்பையில், தொழிலதிபர் ரத்தன் டாட்டாவின் கார் எண்ணை வேறொரு கார் மாட்டிக்கொண்டு சுற்றியது வெளிப்பட்டது. அபராதச் சீட்டுகள் டாட்டாவின் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. காவல்துறையினர் கேமராப் பதிவுகளைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காரை வைத்திருந்தவர் சொன்ன காரணந்தான் அருமை: எண்கணிதப்படி அந்த எண் ராசியானதாம்! ராசி யாருக்கு என்று கேட்காமல் விட்டுவிட்டார் போலும்.

இந்த மோசடியைத் தடுக்கவே உயர் பாதுகாப்பு எண் பலகை வந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய வண்டிகளுக்கு அது கட்டாயம். அலுமினியத் தகடு, புடைத்த எழுத்துகள், 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹோலோகிராம், லேசரால் பொறித்த தனி அடையாள எண், கழற்றினால் உடைந்துவிடும் பூட்டாணி. அருகில் நின்று பார்க்கும் காவலருக்கு இவையெல்லாம் உதவும். ஆனால் நாம் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 10 மீட்டரில் ஒரு சாதாரணக் கேமராவுக்கு அந்த ஹோலோகிராம் வெறும் ஆறு புள்ளி. லேசர் எண் அடியோடு தெரியாது. எழுத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அசலும் போலியும் ஒன்றே. பலகையைப் பலப்படுத்திய அளவுக்கு, பலகையைப் பார்க்கும் முறையை நாம் பலப்படுத்தவில்லை என்பது என் கருத்து.

மறைப்பதிலும் ஒரு முறை

படத்தில் மறைப்பது என்று முடிவு செய்தால் சரியாக மறைக்க வேண்டும். பலர் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் விரலால் மூடிப் படம் எடுக்கிறார்கள். மிஞ்சுவது நூறே எண்கள். அவற்றில் அதே வகை, அதே நிறம் எத்தனை இருக்கும்? ஒன்றோ இரண்டோ! சிலர் பலகையைக் கலங்கலாக்குகிறார்கள். எழுத்தின் வடிவமும் அளவும் விதிப்படி ஒன்றே ஆதலால், பத்து இலக்கங்களையும் அதே அளவு கலக்கிப் பார்த்து, எது ஒத்திருக்கிறது என்று கணினி ஊகித்துவிடும். கலக்குவது அழிப்பது ஆகாது. 2007இல் ஒரு கொடிய குற்றவாளி தன் முகத்தைச் சுழல் போலத் திருகிப் படங்களை வெளியிட்டிருந்தான். ஜெர்மன் காவல்துறை வல்லுநர்கள் சுழலை எதிர்த்திசையில் திருகி முகத்தை மீட்டார்கள். சர்வதேசக் காவல் அமைப்பு அப்படத்தை வெளியிட, அவன் தாய்லாந்தில் பிடிபட்டான். குற்றவாளி அகப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே கணிதம் எல்லார் படத்துக்கும் பொருந்தும்.

கைப்பேசியில் ‘மார்க்கர்’ பேனாவால் கிறுக்குவதும் ஆபத்து. அந்த மை பெரும்பாலும் பாதி ஒளி ஊடுருவுவது. நம் கண்ணுக்குக் கறுப்பு. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து எட்டிப் பார்க்கும். முழுக் கறுப்புச் செவ்வகம் ஒன்றை முழுப் பலகையின் மேலும் வைத்துவிடுவதே நல்லது. அதற்குப் பின்னும் ஒரு பொறி உண்டு. 2023 மார்ச்சில், ஒரு பெரிய நிறுவனத்தின் கைப்பேசிகளில் இருந்த படம் திருத்தும் கருவி, வெட்டி எறிந்த பகுதியைக் கோப்பின் வாலிலே விட்டுவைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. திருத்திய படத்தைத் திரையில் வைத்து அதை இன்னொரு முறை திரைப்பிடிப்பு செய்து அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கூடவே கழன்றுவிடும். இவ்வளவும் எதற்கு? படம் எடுப்பதற்கு முன்பே பலகையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. வண்டி நிற்கும்போது மட்டும். தெருவில் ஓடும்போது அல்ல!

தெருக்களைப் படம் பிடித்து இணையத்தில் காட்டும் கூகுள் நிறுவனத்தின் ஏற்பாடு, 2011இல் பெங்களூரில் தொடங்கியபோது காவல்துறை தடுத்துவிட்டது. 2022இல் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் மீண்டும் வந்தது. அதில் முகங்களும் எண் பலகைகளும் தாமே மங்கலாக்கப்படுகின்றன. ஒரு தனி மனிதர் போடும் படத்துக்கு அத்தகைய காவல் இல்லை. தனிமறைவு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தம் விவரத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. மாமா தம் கையால் போட்ட படம் இந்த வகையில்தான் சேரும்.

உங்களுக்கு இதில் என்ன என்கிறீர்களா? பள்ளி வேன் முன் சீருடையோடு நின்று நண்பர்கள் எடுத்துக்கொண்ட படத்தை எண்ணிப் பாருங்கள். வேன் எண், பள்ளியின் பெயர், நேரம், முகங்கள் நான்கும் அதில் இருக்கின்றன. எண்ணை மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவதும் பாதி வேலையே. மாறாக, வண்டி களவு போனாலோ, விபத்து செய்து ஒருவன் தப்பி ஓடினாலோ, எண்ணை நான்கு பேர் அறியச் செய்வதுதான் முறை. நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிகள் எண்ணோடு ஊரும் தொலைபேசி எண்ணும் எழுதி இந்தியா முழுதும் ஓடுகின்றன. அது அவர்கள் தொழிலுக்கு வேண்டும். யாருக்கு, எதற்காக என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

மாமாவின் வழக்கு எப்படி முடிந்தது? அபராதச் சீட்டோடு வந்த கேமராப் படத்தை இருவரும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். எண் ஒன்றே, நிறமும் ஒன்றே. ஆனால் அந்த ஸ்கூட்டரின் பின்புற மட்கார்டு வழவழவென்று இருந்தது. மாமாவின் வண்டியில், முந்தைய ஆண்டு ஒரு குதிரை வாகனத்தின் முன்னங்கால் சரிந்து விழுந்து நசுங்கிய பள்ளம் உண்டு. “பள்ளம் நேத்து விழுந்ததுன்னு சொன்னா என்ன பண்றது மாப்ளே?” என்றார். அதற்குச் சான்றாக அவரிடம் இருந்தவை அந்த ஆறு விளம்பரப் படங்களே. நாளும் நேரமும் கோப்புக்குள் பதிந்திருந்தன. பள்ளமும் எண்ணும் சேர்ந்தே தெரிந்தன. புகாரோடு அவற்றை அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து அபராதம் நீக்கப்பட்டது. போலி வண்டி இன்னும் அகப்படவில்லை. மாமா இப்போதும் குதிரைகளைப் படம் எடுத்துப் போடுகிறார். ஸ்கூட்டரைச் சிற்பக்கூடத்தின் பின்பக்கம் நிறுத்திவிட்டு.